தோட்டாவின் அடக்கவிலை

"வீட்டிலேயே செய்தால் பாதி விலைதான்." இந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் என் கை பேனாவைத் தேட ஆரம்பித்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இன்ஜினீயரிங் கம்பெனியின் காஸ்டிங் செக்‌ஷனில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். ஒரு பொருளின் அடக்கவிலை என்ன என்று கேட்பதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி ஓய்வு பெறவில்லை. முருங்கைக்காய் வாங்கினாலும் பஸ் சார்ஜைச் சேர்த்துத்தான் மனசு விலை போடும்.

போன மாதம் பொன்னேரியில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் இந்த வாக்கியம் வந்தது ஊறுகாயைப் பற்றியோ இட்லிப் பொடியைப் பற்றியோ இல்லை, துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி! நண்பர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே வார இறுதியில் துப்பாக்கி சுடப் போகிறவர்கள், சுட்டு முடித்த காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டு கராஜில் உட்கார்ந்து மறுபடி மருந்து நிரப்பிக்கொள்கிறார்களாம். கடைத் தோட்டாவின் விலையில் பாதிதான் ஆகிறதாம். "நம்ம ஊர்லதான் சார் எதுக்கெடுத்தாலும் தடை. லைசென்ஸ் வைத்திருக்கிறவன் தன் தோட்டாவைத் தானே செய்துகொண்டால் அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்?" என்று அவர் கேட்க, நான்கைந்து பேர் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டலுக்குத்தான் இந்தப் பதிவு. தோட்டா நமக்குத் தேவைப்படப் போவதில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஆபத்தானது. அதே கணக்கு வேறு வேறு வேஷத்தில் நம் மாவட்டத்திலும் நம் மாநிலத்திலும் ஆட்களைக் கொன்றுகொண்டிருக்கிறது.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஒரு ரைபிள் தோட்டாவில் நான்கு உறுப்புகள். பித்தளைக் கூடு. அதன் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் போல உட்கார்ந்திருக்கும் பிரைமர். ஊசி தட்டியதும் முதலில் பற்றுவது இதுதான். கூட்டுக்குள் புகையில்லா வெடிமருந்து. மேலே முனையில் குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். நான்கில் அதிக விலையுள்ளது பெரும்பாலும் அந்தக் கூடுதான். அதை மறுபடி பயன்படுத்துவதால்தான் மிச்சம் வருகிறது. இந்த அளவில் நண்பரின் மகன் சொன்னதில் பொய் இல்லை.

இனி அடக்கவிலை போடுவோம். கீழே வரும் எண்கள் சந்தை விலை இல்லை; கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். வேறு எண் போட்டும் பார்க்கலாம், வழிமுறை மாறாது.

கடைத் தோட்டா 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நிரப்பினால் குண்டுக்கு 30, மருந்துக்கு 15, பிரைமருக்கு 5, ஆக 50 ரூபாய். கூடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. மிச்சம் 50. "பாதி விலை" என்பவர்கள் எல்லோரும் இந்த வரியோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். எங்கள் செக்‌ஷனில் இதற்குப் பெயர் மெட்டீரியல் காஸ்ட். அடக்கவிலைத் தாளின் முதல் வரி இது. கீழே இன்னும் பல வரிகள் காலியாகக் கிடக்கின்றன.

இரண்டாவது வரி, கூலி. காலிக் கூட்டைத் துடைக்க வேண்டும். சுட்டபோது விரிந்ததை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நீளம் அளக்க வேண்டும். செத்த பிரைமரைத் தட்டி எடுக்க வேண்டும், புதிதைப் பொருத்த வேண்டும், மருந்தை நிறுத்துப் போட வேண்டும், குண்டை உட்கார வைக்க வேண்டும், திரும்பவும் அளக்க வேண்டும். பொறுமையாகச் செய்கிறவருக்கு மணிக்கு 25 தோட்டா என்று வையுங்கள். அவர் நேரத்துக்கு மணிக்கு 200 ரூபாய் மதிப்புப் போட்டால் தோட்டாவுக்கு 8 ரூபாய்.

"சும்மா இருக்கிற நேரம்தானே, அதற்கு என்ன கூலி?" என்பீர்கள். இதே வசனத்தை நான் வேலை செய்த இடத்தில் ஒரு மேலாளர் அடிக்கடி சொல்வார். "லேத் சும்மாதானே இருக்கு, ஆளும் சும்மாதானே நிற்கிறான், வெளியில் வாங்குகிற போல்ட்டை நாமே கடைந்துகொள்வோம்." கடைந்தார்கள். போல்ட் மலிவாகத்தான் தெரிந்தது. மூன்றாவது மாதம் பார்த்தால், கஸ்டமருக்குப் போக வேண்டிய ஷாஃப்ட் லேத்துக்காக வரிசையில் நிற்கிறது; லேத்தில் போல்ட் ஓடுகிறது. சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அதற்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மூன்றாவது வரி, கழிவு. கூடு அழுந்தியது, கழுத்து விரிசல் விட்டது, எடை சந்தேகமானது என்று நூற்றுக்கு நான்கைத் தூக்கிப் போட்டால், மிஞ்சுகிறவற்றின் தலையில் தோட்டாவுக்கு 2 ரூபாய் ஏறும். பித்தளைக் கூடும் அட்சயபாத்திரம் இல்லை. ஒவ்வொரு முறையும் நீண்டு, இறுகி, சில தடவைகளில் வெடிப்பு விட்டுவிடும். இப்போது மிச்சம் 50 இல்லை, 40.

நான்காவது வரி, மூலதனம். அழுத்தும் பிரஸ், அச்சுகள், துல்லியத் தராசு, கேலிப்பர், கூடு தேய்க்கும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் என்று வையுங்கள். தோட்டாவுக்கு 40 ரூபாய் மிச்சம் என்றால், போட்ட காசு திரும்ப 1,500 தோட்டா சுட வேண்டும். ஆண்டுக்கு நூறு சுடுகிறவருக்குப் பதினைந்து வருடம்!

இன்னொரு வேடிக்கை பாருங்கள். அந்த 60,000 ரூபாயை வங்கியில் 7 சதவீதத்தில் போட்டால் வருட வட்டி 4,200. நூறு தோட்டா நிரப்பி வரும் மிச்சம் 4,000. பாங்க் மேனேஜரே உங்களைவிட மலிவாகத் தோட்டா செய்துவிடுவார், மருந்தைத் தொடாமலே.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு 5,000 சுடுகிறவருக்கு இதே கணக்கில் 2,00,000 ரூபாய் மிச்சம். நான்கு மாதத்துக்குள் கருவிக் காசு திரும்பிவிடும். தொலைதூர இலக்குப் போட்டிக்காரர்கள் தங்கள் ஒரே துப்பாக்கிக்கு ஏற்றபடி மருந்தின் எடையை அமைத்துக்கொள்ளவும் கையால் நிரப்புகிறார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம், அதற்கென்றே பெரிய சந்தையும் இருக்கிறது. அந்தச் சந்தையிலேயே 2020, 2021 கொரோனா வருடங்களில் பிரைமர் கிடைக்காமல் திண்டாடினார்கள். கூடும் மருந்தும் பிரஸ்ஸும் இருந்து, அந்தப் பொட்டு அளவு கிண்ணம் இல்லாவிட்டால் எல்லாம் பேப்பர் வெயிட்தான். அங்கே நீண்ட நாள் இதைச் செய்கிறவர்களே ஒரு நகைச்சுவை சொல்வதுண்டு: கையால் நிரப்பினால் காசு மிச்சமாகாது, அதே காசில் அதிகம் சுடலாம், அவ்வளவுதான்.

நம் நாட்டில் அப்படி ஆயிரக்கணக்கில் ரைபிள் தோட்டா சுடுகிறவர் யார்? லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் பயிர்ப் பாதுகாப்பு, சொந்தப் பாதுகாப்பு என்று வாங்கி பீரோவில் வைத்திருப்பவர்கள். ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது உரிமத்திலேயே இருக்கும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம்.

விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். நன்றாகக் கேளுங்கள். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும் 10 மீட்டர் ஏர் ரைபிளில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பெயர் வாங்கியதும் அதிலேதான். அதில் மருந்தே கிடையாது. அழுத்திய காற்றில் ஓடும் அரை கிராம் ஈயப் பெல்லட். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் போட்டி .22 ரைபிளில் நடப்பது. அந்தத் தோட்டாவுக்குத் தனிப் பிரைமர் கிடையாது; பற்றும் மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஊசி விழுந்ததும் விளிம்பு நசுங்கிவிடும். ஒரு தடவை சுட்டால் அது பழைய பித்தளைதான். ஆக, நமக்குப் பதக்கம் கொண்டுவந்த இந்த ரைபிள்களுக்கும் கராஜில் மருந்து நிரப்புவதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

அடுத்தது சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ உற்பத்தி செய்யக் கூடாது என்கிறது. துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் வேறு, உற்பத்தி உரிமம் வேறு. நண்பர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார். அதே சட்டத்தின் 2ஆம் பிரிவில் தோட்டா என்பதற்கான விளக்கத்தை வாசித்தால் இன்னும் தெளியும். தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரமும்கூட அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. அதாவது மருந்தே வாங்காமல், "முதலில் மிஷின் வாங்கி வைப்போம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றாலும் வம்புதான். உரிமமில்லாமல் உற்பத்தி செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டு சிறை. ஆயுள் வரைக்கும் போகலாம். தோட்டாவுக்கு நாற்பது ரூபாய் மிச்சம் பிடிக்கிறவர் இதை எந்த வரியில் எழுதுவார்?

"சட்டம் இருப்பதால் சரியாகிவிடுமா? சட்டத்தையே மாற்றச் சொல்கிறேன்" என்பது நண்பரின் வாதம். அதற்கும் பதில் சொல்கிறேன். அடக்கவிலைத் தாளில் ஐந்தாவது வரி ஒன்று உண்டு. அதன் பெயர் சோதனை.

தோட்டாத் தொழிற்சாலை என்றால் வெறுமனே மருந்து அடைக்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரிகளை எடுத்து, சோதனைக் குழலில் சுட்டு, உள்ளே அழுத்தம் எவ்வளவு, குண்டின் வேகம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மாதிரி தவறினால் லாட் முழுவதும் வெளியே போகாது. புனே அருகே கட்கியில் 1869ல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலையும், நம் நீலகிரி அருவங்காட்டில் நூறு வருடத்துக்கு மேலாக மருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலையும் இந்த ஒழுங்கில் வளர்ந்தவை. அருவங்காட்டுக்காகக் காட்டேரி நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்தார்கள், அந்தக் காலத்திலேயே. மருந்துத் தொழிலில் கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி வேண்டும், ஒரு அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று அளவு வேண்டும். இவ்வளவும் தோட்டாவின் விலைக்குள் இருக்கிறது. 100 ரூபாயில் ஒரு பங்கு பித்தளைக்கு, ஒரு பங்கு இந்த ஒழுங்குக்கு.

வீட்டில் நிரப்புகிறவர் எதைக் கொண்டு சோதிப்பார்? தன் துப்பாக்கியையும் தன் முகத்தையும் கொண்டுதான். தவறுதலாக ஒரு கூட்டில் இரண்டு அளவு மருந்து விழுந்தால் அழுத்தம் தாங்காமல் துப்பாக்கியே சிதறலாம். மருந்தே விழாவிட்டால் இன்னும் மோசம். பிரைமர் மட்டும் பற்றி, குண்டு பாதிக் குழலில் மாட்டிக்கொள்ளும். சத்தம் கம்மியாக வந்ததே என்று நினைத்து அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். கவனமாகச் செய்தால் நடக்காது என்பார்கள். உண்மைதான். கவனமாகச் செய்தால் எதுவும் நடக்காது. பேரன் பின்னால் வந்து "தாத்தா" என்று கூப்பிடும் வரைக்கும் எல்லோரும் கவனமாகத்தான் செய்கிறார்கள்.

வீட்டோரம் மருந்து செய்த கதைகளில் பெரிய பெயர் ஆல்பிரட் நோபலுடையது. ஸ்டாக்ஹோமில் அவர்கள் குடும்பம் குடியிருந்த இடத்தை ஒட்டிய கொட்டகையில்தான் நைட்ரோகிளிசரின் தயாரித்தார்கள். 1864 செப்டம்பர் 3 அன்று அது வெடித்தது. நோபலின் தம்பி எமில் உட்படப் பலர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நகருக்குள் இந்த வேலையே கூடாது என்று தடை வந்தது. நோபல் தம் வேலையை ஏரியில் நிற்கும் ஒரு படகுக்கு மாற்றிக்கொண்டார். உலகத்துக்கு டைனமைட் கொடுத்த மூளை அது. அந்த மூளைக்கே வீட்டோரம் மருந்து ஒத்துவரவில்லை.

வீட்டில் மருந்து நிரப்புவது நம் ஊரில் இல்லாத புதுப் பழக்கமும் இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் போய்க் கேளுங்கள். உரிமம் பெற்ற ஆலைக்கு வெளியே, வீட்டுத் திண்ணையிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் பட்டாசுக்கு மருந்து அடைக்கிறார்கள் என்பது மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரியும், செய்தித்தாள் படிக்கும் நமக்கும் தெரியும். ஆண்டு தவறாமல் "வீட்டில் பட்டாசு தயாரித்தபோது வெடி விபத்து" என்று ஒரு மூலையில் செய்தி வரும். பெயர்களைப் பாருங்கள், பாதிக்கு மேல் பெண்கள் பெயராக இருக்கும். ஏன் வீட்டில் அடைக்கிறார்கள்? அங்கேயும் அதே பதில்தான்: மலிவு. ஆலையில் செய்தால் இடைவெளி விட்ட அறை வேண்டும், நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் உரிமம் வேண்டும், இ.எஸ்.ஐ. வேண்டும். வீட்டில் எதுவும் வேண்டாம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கொடுத்தால் போதும்.

ஆலையிலேயே விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பார்த்தோம். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். விதி இருந்த இடத்திலேயே அப்படி என்றால், விதியே நுழையாத திண்ணையில் எப்படி இருக்கும்?

இப்போது என் வாதத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். வீட்டில் செய்தால் செலவு குறைகிறது என்பது பொய். செலவு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கம்பெனியின் புத்தகத்தில் இருந்த ஒரு வரி, யாரோ ஒரு குடும்பத்தின் கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே புத்தகம் கிடையாது, ஆகவே செலவும் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம்.

இதற்குச் சிவகாசி வரை போக வேண்டாம். நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். நான் பேர் சொல்ல விரும்பாத ஒரு ரப்பர் பாகக் கம்பெனி, மோல்டிலிருந்து வந்த பீஸ்களின் ஓரத்துப் பிசிறை வெட்ட வீடுகளுக்கு அனுப்பும். கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு மூட்டை மூட்டையாகப் போகும். பெண்கள் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, சமையலுக்கும் தண்ணீர் பிடிப்பதற்கும் நடுவே வெட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் உட்காரும். கூலி ஆயிரம் பீஸ் கணக்கில். அந்தக் கம்பெனியின் காஸ்ட் ஷீட்டைத் தற்செயலாகப் பார்க்க நேர்ந்தது. அதில் இந்த வேலைக்கு ஒரே ஒரு வரி. மின்சாரம், இடம், வெளிச்சம், கைவலி, பிள்ளையின் வீட்டுப்பாடம் எதற்கும் வரி இல்லை. "நாங்களே உள்ளே செய்தால் இரண்டு மடங்கு ஆகும் சார்" என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த இன்னொரு மடங்கைக் கட்டியது யார்? கவரைப்பேட்டை கட்டியது.

பிசிறு வெட்டுவதில் உயிர் போகாது. மருந்து அடைப்பதில் போகும். இரண்டிலும் கணக்கு ஒன்றுதான்.

நம் மின்சார ரயிலில் போகிறவர்கள் விம்கோ நகர் ஸ்டேஷனைத் தினமும் தாண்டுகிறோம். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரில் நிற்கும் ஊர் அது. அதே திருவொற்றியூரில்தான் 1950களிலிருந்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்தார்கள். "துப்பாக்கியைப் போலச் செய்தது" என்பது அந்த வண்டியின் பழைய விளம்பர வாசகம். துப்பாக்கியைப் போல என்றால் அளவு பிசகாமல், சோதித்து, முத்திரை குத்தி என்று அர்த்தம். கராஜில் உட்கார்ந்து குத்துமதிப்பாக என்று அர்த்தமில்லை. இந்த வடசென்னை, ஆவடி, அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி வட்டாரம் முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் கேஜ் பிடித்துச் சோறு தின்ற ஊர். நம்மில் ஒருவர் எழுந்து சோதனை என்பது வெட்டிச் செலவு என்று பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நண்பர் சொல்லாமல் விட்ட ஒரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன் துப்பாக்கிக்குத் தானே மருந்து இடித்து ரவை போட்டுக்கொள்கிற மனிதர்கள் நம் மாவட்டத்தில் தலைமுறையாக இருந்தார்கள். நரிக்குறவர்கள். குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் நிரப்பும் நாட்டுத்துப்பாக்கிதான் அவர்கள் பிழைப்பு. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, சாயங்காலச் சோறு. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுக்கு அது நியாயம். ஆனால் பிழைப்பு போனவர்களுக்கு ஊசி மணி, பாசி மணி தவிர வேறு வழி காட்ட எத்தனை வருடம் ஆனது? பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. ஐம்பது வருடம்!

அந்த ஐம்பது வருடத்தில், நாட்டுத்துப்பாக்கி கையில் இருந்த நரிக்குறவரைப் பார்த்து "பாவம், தோட்டாவை மிச்சம் பிடிக்கிறார்" என்று யாரும் சொன்னதில்லை. சந்தேகத்தோடுதான் பார்த்தோம். அமெரிக்காவில் இருக்கும் மகன் கராஜில் செய்தால் அதற்குப் பெயர் ஹாபி, ஆவடியில் ஒருவர் குடிசை வாசலில் செய்தால் அதற்குப் பெயர் கேஸ். சட்டத்தைத் தளர்த்தச் சொல்கிறவர்கள் யாருக்காகத் தளர்த்தச் சொல்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான புகார் இருக்கிறது. தோட்டா விலை அதிகம், ரகம் குறைவு, கடைக்கு அலைய வேண்டும். பல பத்தாண்டுகளாகத் தோட்டா என்றால் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைதான். போட்டி இல்லாத இடத்தில் விலையும் தரமும் எப்படி இருக்கும் என்று காஸ்டிங்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம். 2021 அக்டோபர் 1ஆம் தேதி 41 ஆயுதத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அதில் ஒன்றின் தலைமையகம் நம் ஆவடியிலேயே இருக்கிறது. கம்பெனி என்று பெயர் வைத்துக்கொண்ட பிறகு, கம்பெனியைப் போல விலைக்கும் தரத்துக்கும் பதில் சொல்லட்டும். பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு ரைபிள் கிளப்புகள் மூலம் தோட்டாவும் பெல்லட்டும் சலுகை விலையில் கிடைக்கட்டும். ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்று ஏர் ரைபிளைத் தொட முடியாமல் நிற்பதற்கு வரி, இறக்குமதி, கருவி விலை என்று ஆயிரம் காரணம் இருக்கிறது. அதற்குப் போராடினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். "கிளப்பில், உரிமம் பெற்ற இடத்தில், சோதனைக் கருவி வைத்து நிரப்பட்டும்" என்று யாராவது கேட்டால் அதையும் பேசலாம். அங்கே ஐந்தாவது வரிக்கு ஆள் இருக்கிறார். ஆனால் புகார் விலையைப் பற்றியது என்றால் தீர்வும் விலையில் இருக்க வேண்டும். எல்லோர் வீட்டு அலமாரியிலும் மருந்து டப்பாவை வைப்பது தீர்வாகாது.

ஏனென்றால் நம் ஊரில் தனி வீடு, நடுவில் புல்வெளி, கடைசியில் கராஜ் என்ற அமைப்பே கிடையாது. பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஒரு வீட்டின் சமையலறைச் சுவர்தான் அடுத்த வீட்டின் படுக்கையறைச் சுவர். சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த வடமாநிலப் பையன்கள் ஒரு அறையில் ஆறேழு பேர் படுத்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவர்களிடம் யார் கேட்டார்கள்? மிச்சம் ஒருவருக்கு, ஆபத்து அக்கம்பக்கத்துக்கு என்றால் அதற்குச் சிக்கனம் என்று பெயர் இல்லை.

ஆறாவது வரி இதுதான். தாளில் நான் அதற்குப் "பக்கத்து வீடு" என்று பெயர் வைத்திருக்கிறேன். தோட்டாவுக்கு மட்டுமில்லை. வீட்டு வாசலில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்கு கேஸ் மாற்றுகிறவருக்கும், திருவிழாவுக்கு அதிர்வேட்டு மருந்தை மாட்டுக்கொட்டகையில் வைக்கிறவருக்கும் இந்த வரி பொருந்தும். பீஸ் ரேட்டில் வேலையை வீடுகளுக்கு அனுப்பும் முதலாளிக்கும் பொருந்தும்.

தலையாட்டிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். பொருள், கூலி, கழிவு, மூலதனமும் வட்டியும், சோதனை, பக்கத்து வீடு என்று ஆறு வரி எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த எண்களையே போடுங்கள், என் எண்கள் வேண்டாம். கடைசி இரண்டு வரிகளை மட்டும் காலியாக விடக் கூடாது. நிரப்பிய தாளை எனக்குக் கொண்டுவந்து கொடுங்கள். அப்போதும் பாதி விலை வந்தால், பேசுவோம்.